மூன்றாம் வாரத்துக்காக மட்டும் சேரலாம்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வீடு, எபேனில் வேலை. எங்கள் அலுவலகம் வெளிநாட்டு வணிகர்களுக்கு இணைய விளம்பரம் செய்துகொடுக்கிறது. சென்ற ஆண்டு டெக்சாஸில் சமையல் பாத்திரம் விற்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் என்றார். எனக்கோ ஸ்பானிஷில் 'ஓலா' என்ற வணக்கத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அதனால், லத்தீனோ மக்களிடம் இணையத்தில் விற்பது எப்படி என்று சொல்லித்தரும் ஆறு வார ஆன்லைன் வகுப்பு ஒன்றில் 9,800 மொரீஷியஸ் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நடத்துகிற நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கைப் பலர் விற்கிறார்கள், வகையைச் சொன்னால் போதும்.

நேரடி வகுப்பு மயாமியில் இரவு ஏழு மணிக்கு. இங்கே அது விடியற்காலை மூன்று. ஜூன் இங்கே குளிர்காலம். போர்வைக்குள் முடங்கியபடிதான் முதல் வாரம் முழுவதையும் கேட்டேன், முக்கால்வாசி வீண். செத்துப்போன சமூக வலைத்தளங்களின் திதிப் பட்டியல்! ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானியர்களுக்காகவே நடந்த 'கேபாசா' 2012இல் 'மீட்மீ' என்று பெயர் மாறிய கதையால் டெக்சாஸ் பாத்திரக்காரருக்கு என்ன லாபம்? ஆர்க்குட் பற்றிய பகுதி மட்டும் உருப்படி. 2004இல் பிறந்து 2014இல் மூடப்பட்ட அந்தத் தளம் பிரேசிலில் கொடிகட்டிப் பறந்தது. பிரேசில்காரர்கள் லத்தீனோக்கள்தான், ஆனால் பேசுவது போர்த்துகீஸ். ஸ்பானிஷில் விளம்பரம் போட்டால் லத்தீனோக்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நினைத்திருந்த எனக்கு அங்கேயே ஒரு குட்டு விழுந்தது.

இரண்டாம் வாரத்தில் வாட்ஸ்அப். அமெரிக்காவில் 2021இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் ஹிஸ்பானியப் பெரியவர்களில் 46 சதவீதத்தினர் அதைப் பயன்படுத்தினார்கள், வெள்ளையரில் 16 சதவீதத்தினர்தான். பாட்டி மெக்சிகோவில், தம்பி ஹூஸ்டனில் என்று குடும்பம் பிரிந்து கிடக்கும்போது பேசிக்கொள்ளச் செலவில்லாத வழி வேண்டுமல்லவா? அப்படியானால் ஒரு சித்தி இன்னொரு சித்திக்கு அனுப்பத் தோன்றுகிற விளம்பரத்தை எப்படிச் செய்வது? இதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஆயத்த விளம்பர அட்டைகளைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் அகன்ற வைக்கோல் தொப்பி, மிளகாய், கிட்டார். மொரீஷியஸ் தமிழர் என்பதற்காகக் கரும்பு வெட்டுகிறவர் படத்தைப் போட்டு எனக்குச் சோப்பு விற்க வந்தால் நான் வாங்குவேனா?

மூன்றாம் வாரம்தான் வகுப்பு. புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த ஓர் அம்மையார் எடுத்தார், நான் போர்வையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து தொடங்கினார். மெக்சிகோவில் அது 'கமியோன்', கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் 'குவாகுவா'. சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. அங்கே போய் 'குவாகுவாவில் ஏறி வாருங்கள்' என்று விளம்பரம் எழுதினால் என்ன ஆகும்! அடுத்து, கலிஃபோர்னியாப் பால் வாரியம் 1993இல் தொடங்கிய 'காட் மில்க்?' (பால் இருக்கிறதா?) விளம்பரம். வார்த்தைக்கு வார்த்தை ஸ்பானிஷில் மாற்றினால், தாய்மாரைப் பார்த்துப் பால் சுரக்கிறதா என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அதனால் லத்தீனோ தாய்மார்களுக்குக் 'குடும்பம், அன்பு, பால்' என்று வேறாகவே எழுதினார்கள்.

பிறகு அவர் சொன்ன ஒரு கணக்கு என்னை உலுக்கியது. லத்தீனோவாக இருக்க ஸ்பானிஷ் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று 2015இல் அந்த மக்களில் 71 சதவீதத்தினர் பியூ ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்க நான் ரூபாய் கட்டி மயாமி வரை போயிருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பேச்சு கிரியோல், படிப்பு பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் குடும்பத்தில் நானும் இன்னும் இருவரும். ஆனால் 1998இல் வந்த புதிய மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது, ஒரு வரி தமிழ் படிக்கத் தெரியாதவர்களும்தான் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, தமிழ் தன் பழைய இடத்துக்கு வந்தது.

கற்றதை முதலில் என் அத்தையிடம்தான் சோதித்தேன். போர்ட் லூயிஸில் அவருக்குப் பூசைச் சாமான் கடை. முந்தைய காவடிக்கு முழுத் தமிழில் நான் செய்த விளம்பரத்தை எல்லோரும் அழகு என்றார்கள், கடைக்கு ஒருவரும் வரவில்லை. இந்த முறை இளஞ்சிவப்புத் துணியையும் பால் செம்பையும் கையில் பிடித்தபடி அத்தையையே கிரியோலில் பேசவிட்டு, கைப்பேசியில் அரை நிமிடம் படம் எடுத்தேன். மேலே தமிழில் 'வேல் வேல்' என்று ஒரு வரி. யாரும் படிக்கப்போவதில்லையே, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது இல்லாவிட்டால் நம் கடை என்று யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தை. கோயில் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றியது. காவடிக்குப் பத்து நாள் முன்பே துணி தீர்ந்துபோனது. அத்தை பாராட்டவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் கூடுதலாகத் துணி வாங்கிவைக்கச் சொல்லியிருக்க வேண்டாமா என்று திட்டினார்.

நான்கு, ஐந்து, ஆறாம் வாரங்கள் விளம்பரச் செலவுக் கணக்கு. எங்கும் இலவசமாகக் கிடைப்பவை. பதிவுசெய்த வகுப்புகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவதை மட்டும் வாங்குங்கள், விடியற்காலைத் தூக்கமும் மிஞ்சும்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிய வழக்கப்படி தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்களைப் படிவம் கேட்டது. ஒன்றை எழுதி மற்றதை வெறுமையாக விட்டால் நகர மறுத்தது. இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதினேன். சான்றிதழிலும் அப்படியே இரண்டு முறை அச்சாகி வந்திருக்கிறது. திருத்தக் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் பதில் ஸ்பானிஷில் வந்தது.