ஏழரை ஆண்டுகள்: முதியோர் குடியிருப்புக்கு உள்ளே இருந்து ஒரு கணக்கு

ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருவது நம் வழக்கம். அவ்வளவு மோசமில்லை, பிரமாதமும் இல்லை. 2018 பிப்ரவரியில் மதுரை வீட்டை விற்றுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்புக்கு வந்தோம். அப்போது அவருக்கு 72, எனக்கு 66. இப்போது நான் மட்டும் இருக்கிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு டைனிங் ஹாலில் எனக்குச் சட்னி வராது.

விளம்பரப் புத்தகத்தில் இதன் பெயர் 'சீனியர் லிவிங்'. என் நாத்தனார் வைத்த பெயர் 'அநாதை ஆசிரமம்'. "பெத்த பொண்ணு பூனாவுல குத்துக்கல்லாட்டம் இருக்கா, நீங்க எதுக்கு அங்க போறீங்க?" என்று மூன்று மாதம் பேசாமல் இருந்தார். என் வீட்டுக்காரர் 'ஹாஸ்டல்' என்றார். மணி அடித்தால் சாப்பாடு, ராத்திரி ஒன்பதுக்கு கேட் மூடுவது, வார்டனைத் திட்டுவது எல்லாம் இருப்பதால் இவர் சொன்னதுதான் பொருத்தம்.

கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய ஆஸ்பத்திரிகள், மகள் வந்து இறங்க விமான நிலையம். இந்த நான்கும் ஒரே ஊரில் இருப்பதால்தான் இந்தப் பக்கம் இத்தனை முதியோர் குடியிருப்புகள் முளைத்திருக்கின்றன.

நான்கு இடங்களைப் பார்த்தோம். ஒன்றில் மாத வாடகை. ஒன்றில் பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டினால், இருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஐந்து சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். மற்ற இரண்டிலும் வீட்டை நம் பெயருக்கே பத்திரம் பண்ணித் தருவார்கள். அதில் ஒன்றைத்தான் வாங்கினோம். 680 சதுர அடி, ஒரு படுக்கையறை, 36 லட்சம். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம் தனி. வில்லங்கச் சான்றிதழ், பட்டா, யுடிஎஸ் (மொத்த நிலத்தில் நம் பங்கு) எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நான் 32 வருஷம் கணக்கு டீச்சர், ஒரு தசமப்புள்ளியைக்கூட விடவில்லை. ஆனால் அந்தப் பத்திரக் கட்டுக்குள் இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. சாப்பாடு, பராமரிப்பு, நர்ஸ் பற்றிய 14 பக்கம். அதை மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் புரட்டினேன். பாடத்தை விட்டுவிட்டு அட்டையைப் படித்த கதை.

வீடு வாங்குவது நமக்குப் பழக்கமான வேலை. மனை, பத்திரம், வாஸ்து, தண்ணீர் வசதி என்று எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். இங்கே நாம் வாங்குவது வீடு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்தால் எழுந்து வரும் ஆளை வாங்குகிறோம். அந்த ஆள் பற்றி பத்திரத்தில் ஒரு வரி கிடையாது.

வந்த புதிதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காலையில் மலையைப் பார்த்து நடை, சாயங்காலம் கேரம் போர்டு. குழாய் ஒழுகினால் ஃபோன் போட்ட அரை மணியில் ஆள் வருவான். மதுரையில் பிளம்பரைப் பிடிக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இதற்கே 36 லட்சம் தரலாம். 2020 ஊரடங்கில் மகள் பூனாவில் தவித்தாளே தவிர, காய்கறி, மருந்து எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தன. சமையல்காரர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கிச் சமைத்தார்கள். வயதானவர்களை மாதக்கணக்கில் அறைக்குள் அடைத்து வைத்ததும் நடந்தது. அடுத்த பிளாக் ரிட்டயர்ட் தாசில்தார் ஜன்னலில் இருந்தே தினமும் என் வீட்டுக்காரரோடு அரசியல் பேசுவார், தெருவே கேட்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே உலக அரசியலே அதுதான். இரண்டு கட்சி: உப்புப் போதாது கட்சி, உப்பு அதிகம் கட்சி. மாதாந்திரக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பத்து நிமிஷத்தில் முடிப்பார்கள், ரசத்துக்கு ஒரு மணி நேரம். கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் கேட்டரிங் ஒப்பந்தம் இரண்டு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் முதல் மாதம் கல்யாணச் சாப்பாடு, மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. அதனால் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அவர்கள் அழைக்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு டைனிங் ஹாலில் போய் உட்காருங்கள். என்ன பரிமாறுகிறார்கள் என்பதோடு, கை நடுங்குகிறவருக்கு யார் ஊட்டுகிறார்கள் என்பதும் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. இந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவும் சுத்த சைவம். எங்களுடையதில் வீட்டுக்குள்ளே தனியாக அசைவம் சமைக்கவும் கூடாது. அந்த 14 பக்கத்தில் ஒன்பதாவது பக்கத்தில் இருந்ததாம். என் வீட்டுக்காரர் மதுரைக்காரர், அயிரை மீன் குழம்புக்கு உயிரை விடுகிறவர். முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த விஷயம் தெரிந்ததும் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வாரா வாரம் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய் பிரியாணி. போகவர ஆட்டோவுக்கு மட்டும் 500 ரூபாய். யாரும் எங்களை ஏமாற்றவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. ஆனாலும் எழுபது வயதில் வந்து ஒளிந்து ஒளிந்து முட்டை அவிக்க வேண்டியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

2022 ஜூனில் ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரில் கைப்பிடி இருந்தது, வழுக்காத டைல்ஸ் இருந்தது, அவர் விழுந்தது குளியலறை வாசல்படியில். அவசர மணியின் சிவப்புக் கயிற்றை இழுத்தேன். நர்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டாள், அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். குறை அதற்குப் பிறகு வந்ததில். வளாகத்து ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, டிரைவர் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். 108-ஐக் கூப்பிட்டோம், அரை மணிக்குள் வந்தார்கள். நாங்கள் முதல் மாடி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. இடுப்பெலும்பு முறிந்த மனிதரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதியோருக்கென்றே கட்டிய கட்டடத்தில் ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட். சாய்தளம் 1-க்கு 12 (ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்) என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள், லிஃப்டின் ஆழத்தை யாரும் அளக்கவில்லை, கணக்கு டீச்சர் உட்பட.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. திரும்ப வரலாமா என்று கேட்டபோதுதான் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம் வெளியே வந்தது: இது தானாக நடமாட முடிந்தவர்களுக்கான குடியிருப்பு, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நிர்வாகத்துக்கு இல்லை. தனி ஆள் வைத்துக்கொள்ளலாம், அல்லது இதே வளாகத்தில் உள்ள பராமரிப்புப் பிரிவுக்கு மாறலாம். அந்தப் பிரிவில் இருந்தது எட்டுக் கட்டில், எட்டிலும் ஆள். குடியிருப்பில் மொத்தம் 140 வீடு. இந்த வகுத்தலை நான் 2017-இல் போட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் டவுனில் ஒரு கேர் ஹோமில் வைத்திருந்தோம். மாதம் 42,000, டயப்பரும் பிசியோதெரபியும் தனி. சொந்த வீடு ஒரு இடத்தில் பூட்டிக் கிடக்க, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த இடம் பார்க்கச் சுமார்தான், பெயின்ட் உரிந்த சுவர், பூந்தோட்டம் எல்லாம் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்கள், படுக்கைப் புண் வரவே இல்லை. மலையைக் காட்டி விற்கிற இடத்தில் இருந்துவிட்டு வந்த எனக்கு அது ஒரு பாடம். பிறகு இங்கேயே கூட்டிவந்து 12 மணி நேரத்துக்கு 900 ரூபாய் என்று அட்டெண்டர் வைத்துப் பார்த்தேன். அதுவே மாதம் 27,000.

கட்டணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் பராமரிப்பு மாதம் 6,200, சாப்பாடு ஆளுக்கு 4,300. இரண்டு பேருக்கும் சேர்த்து 14,800. இப்போது பராமரிப்பு 10,400, சாப்பாடு 7,200. எனக்கு ஒருத்திக்கு 17,600. பராமரிப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. பராமரிப்பு மட்டும் சராசரியாக ஆண்டுக்கு ஏழரை சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது (இங்கேயும் ஏழரை). ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகும் என்று நினைக்காதீர்கள். பராமரிப்பு வீட்டுக்குத்தான், தலைக்கு இல்லை. வருமானம்தான் இறங்கும். எனக்கு என் சொந்த ஓய்வூதியம் இருப்பதால் தப்பித்தேன். எதிர்வீட்டு அம்மாவின் கணவர் மாநில அரசு ஊழியர். அவர் இருந்தவரை கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வந்தது, இறந்த பின் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அந்த அம்மா இப்போது ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவல் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். கேட்டால் 'டயட்' என்கிறார்.

கையில் இருப்பு குறைவாக உள்ளவர்கள் அறக்கட்டளைகள் நடத்தும் இல்லங்களையும் பார்க்கலாம். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், 60 வயது நிரம்பியவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நாங்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. கௌரவம்தான், வேறென்ன.

விற்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. 55 வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் விற்கலாம், விலையில் 3 சதவீதம் நிர்வாகத்துக்கு. பிள்ளைகள் வாரிசாக வாங்கிக்கொள்ளலாம், குடியிருக்க அவர்களுக்கும் 55 ஆக வேண்டும். பக்கத்து பிளாக்கில் ஒருவர் இறந்து, அவர் மகள் வீட்டை விற்க 14 மாதம் ஆனது. அத்தனை மாதமும் பூட்டிய வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டினாள். முதலீடு என்று சொல்லி யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால், கையில் பணம் இருந்தாலும் முதல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்பேன்.

2019-இல் மத்திய அரசு ஓய்வுகால இல்லங்களுக்கு ஒரு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது. இப்போது வாங்குகிறவர்கள் அதைக் கேளுங்கள். எங்களுக்குக் கட்டியவர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர். லிஃப்டைப் பற்றிக் கேட்டால் இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரை.

சொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஒரு பெரியவர் சொந்த வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர். மகன் மாதக் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டான். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அப்படி எழுதிய பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு சுலபம். அவர் எழுதவில்லை. "பெத்த பிள்ளைகிட்ட போய் கண்டிஷன் போடுவாங்களாம்மா?" என்று என்னையே கேட்டார்.

நாங்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பார்த்த நான்கு இடத்திலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இங்கே யாராவது இறந்தால் என்ன செய்வீர்கள்?" மூன்று இடத்தில் விற்பனைப் பையன்கள் "அச்சச்சோ, நல்லதையே பேசுவோம்மா" என்று நெளிந்தார்கள். இங்கே இருந்த மேனேஜர் மட்டும் நேராகப் பதில் சொன்னார். ஃப்ரீசர் பாக்ஸ் சொந்தமாக இருக்கிறது, பிள்ளைகள் வரும்வரை வீட்டிலேயே வைக்கலாம், டாக்டர் சான்றிதழ், மின்மயானத்துக்குப் பதிவு எல்லாம் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போனபோது சொன்னபடி செய்தார்கள். மகள் வந்து சேரும்வரை நான் எந்தத் தாளையும் தொடவில்லை. தாசில்தார் விடிய விடிய என்னோடு உட்கார்ந்திருந்தார். லிஃப்டுக்காக நிர்வாகத்தோடு இன்னும் சண்டை போடுகிறேன், ஆனால் அந்த ஒரு ராத்திரிக்காக அவர்களைக் கொஞ்சம் மன்னித்தும் வைத்திருக்கிறேன்.

பூனாவுக்கு வந்துவிடச் சொல்லி மகள் கூப்பிடுகிறாள். போகவில்லை. அங்கே எனக்குப் பேச்சுத்துணை இல்லை, இங்கே உப்புக் கட்சியில் நான் செயலாளர்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் வீடு பார்க்க வருகிறவர்களை என் வீட்டுக்குத்தான் கூட்டி வருகிறார்கள், சுத்தமாக இருக்குமாம். விற்பனைப் பையன் ஃபோனில் பேசப் போகும் நேரத்தில் லிஃப்டை அளந்து பார்க்கச் சொல்வேன், பதினோராம் பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். போன வாரம் தூத்துக்குடியில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "கருவாடு வறுக்கலாமாக்கா?"

முடியாது என்றேன். அவர் வீட்டுக்காரர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றார்.