றம்பொடையா, பதினெட்டு வளைவா, றிவர்ஸ்டனா: தார் போடும் மாதங்களில் மலையேறும் வன்னிக்காரருக்கு

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னிச் சமதரையில் ஏற்றம் என்றால் குளக்கட்டுதான். இரணைமடுக் கட்டில் ஏறி நின்று காற்று வாங்கினாலே எங்களுக்கு உயரத்துக்கு வந்துவிட்ட நினைப்பு வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய தலைமுறை நான். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடி பூட்டப்பட்டது. போர் முடிந்த பிறகுதான் அது நிலையாகத் திறந்தது. அதுவரை நுவரெலியா எனக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த ஊர். அதனால்தான் இன்றும் கிளிநொச்சியிலிருந்து வண்டியை எடுத்து, முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத் தெற்கே திரும்பும்போது மனம் நிறைந்துவிடுகிறது. அந்தப் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஓய்வும் கையில் காசும் சேர்வது காலபோக நெல் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில். மலையிலும் அப்போதுதான் மழை குறையும். மழை இல்லாத நாளில்தான் தார் போட முடியும் என்பதால், வீதி வேலையும் அந்த மாதங்களில்தான் மும்முரமாக நடக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு சல்லி கலந்த தார்ப்படையான காபெட் போடுவதோடு தாங்குசுவர் கட்டுவது, மதகு திருத்துவது என்று வேலை பெருகியிருக்கிறது. வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு போய்விடும். ஆகவே எந்த வீதி அழகு என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எந்த வீதியை வேலை நடக்கும்போதும் இரண்டு சில்லில் பாதுகாப்பாகக் கடக்கலாம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பேசுவது மூன்று வழிகளைப் பற்றி. பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதி முதலாவது. கண்டிக்கும் மகியங்கனைக்கும் இடையே பதினெட்டு வளைவுகளைக் கொண்ட ஏ26 இரண்டாவது. மாத்தளையில் பிரிந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைகளுக்குள் போகும் றிவர்ஸ்டன் வீதி மூன்றாவது.

ஏ5 வீதியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா 75 கிலோமீற்றரளவு தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம் ஏறுகிறோம். கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிவதும், 109 மீற்றர் உயர றம்பொடை அருவியும், 2008இல் திறந்த 225 மீற்றர் சுரங்கப் பாதையும், அதற்குப் பிறகு வரும் தேயிலைச் சரிவுகளும் வேறெந்த வீதியிலும் ஒன்றாகக் கிடைக்காதவை. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அவர்களில் பலருக்கு இது உறவினர் வீட்டுக்குப் போகும் வழியும் கூட.

அதே வீதியில் பஸ், லொறி, சுற்றுலா வான் எல்லாம் ஏறி இறங்குகின்றன. வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை மூடி, பச்சை, சிவப்புக் கொடி காட்டி மாறி மாறி விடுவார்கள். நானும் மனைவியும் 100 சிசி வண்டியில், மச்சான் 150 சிசி வண்டியில். புசல்லாவைக்கு மேலே ஓரிடத்தில் சிவப்புக் கொடி விழுந்தது. எங்களுக்கு முன்னே மரக்கறி லொறி, பின்னே பஸ். நல்ல சரிவு. கொடி மாறியதும் லொறி ஒரு முழம் பின்னே உருண்டுதான் முன்னேறியது. மனைவி இறங்கி நடந்தார். நான் பின் பிரேக்கில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, கிளச்சைப் பாதி விட்டு எடுத்தேன். இப்படி நான்கு முறை. நான்காவது முறை கிளச் தீயும் மணம் வந்தது. மச்சானின் வண்டிக்கு இந்தத் துன்பம் எதுவும் இல்லை. எனவே இருவர் ஏறும் சிறிய வண்டியென்றால் ஏ5 வீதியில் நிறுத்தங்கள்தான் உங்கள் எதிரி. நிற்கச் சொன்னால் முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு வண்டி இடம் விட்டு நில்லுங்கள். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தாலும் அந்த இடத்தை விடவேண்டாம்.

இந்த வகை வீதிகளில் வேலை பெரும்பாலும் ஒரே ஒழுங்கில், மூன்று கட்டமாக நடக்கும். பழைய தாரைப் பொறியால் சுரண்டுவார்கள். அந்த முகத்தில் நீள நீளமாக வரி விழும், முன்சில்லு அந்த வரியோடு இழுபடும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் திருத்தப் போனால் ஆட்டம் கூடும். தளர விட்டால் வண்டி தன் பாட்டில் போகும். அடுத்து, காபெட் பிடிப்பதற்காக நீர் கலந்த ஒட்டுத்தார் தெளிப்பார்கள். தெளித்ததும் மண்ணிறமாக இருக்கும், நீர் பிரிந்ததும் கறுக்கும். மூன்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். அதன் மேல் ஒரு தூறல் விழுந்துவிட்டால் எண்ணெயில் போவது போலிருக்கும். கடைசியாகக் காபெட். ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் போடாத நாளில் நடுவே இரண்டு அங்குலப் படி நிற்கும். அதன் ஓரமாகவே உரசிக்கொண்டு போகாமல், குறுக்காக, நிமிர்ந்தபடி கடக்க வேண்டும்.

நாங்கள் கிரவல் (சரளை) வீதியில் பழகியவர்கள், இதெல்லாம் பெரிதா என்று ஊரில் கேட்பார்கள். பாதி உண்மை. தளர்ந்த கல்லில் பதறாமல் போவதை மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகள் எங்களுக்கு நன்றாகக் கற்றுத் தந்திருக்கின்றன. ஆனால் அதே வீதிகள் இன்னொரு பழக்கத்தையும் தந்தன. கிரவலில் முன் பிரேக்கைத் தொட்டால் விழுவோம் என்று சிறு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் எங்களில் பலர் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே வாழ்நாளைக் கழித்திருக்கிறோம். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளவிடும் பழக்கமும் உண்டு. சமதரையில் இவை எதுவும் செய்யாது. மலையிறக்கத்தில் பின் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும், நியூட்ரலில் இருக்கும் இயந்திரமும் கைகொடுக்காது. கொத்மலை கெரண்டி எல்லயில் 2025 மே மாதம் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த ஏ5 வீதியில்தான். அந்த இடத்தைக் கடக்கும்போது மனைவி என் தோளை இறுகப் பிடித்தார், நானும் பேசவில்லை.

இந்த இடத்தில்தான் பதினெட்டு வளைவு மற்ற இரண்டையும் விட எனக்கு மேலாகத் தெரிகிறது. தூரம் 70, 75 கிலோமீற்றர்தான், வீதி அகலம், வாகன நெரிசல் ஏ5 அளவுக்கு இல்லை. ஒரு பக்கத்தை மூடினாலும் மறுபக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஒதுங்க இடம் கிடைக்கும். ஆனால் எல்லோரும் கண்டியிலிருந்து மகியங்கனைக்கு, அதாவது மேலிருந்து கீழே போகிறார்கள். சுரண்டிய முகத்திலும் சிந்திய சல்லியிலும் கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் கடப்பது எங்களைப் போன்ற பின் பிரேக்காரருக்கு ஏற்றதல்ல. நான் சொல்வது நேர்மாறான வழி. ஏ9 வீதியில் மரதன்கடவலையில் திரும்பி, ஹபரணை, பொலன்னறுவை வழியாக மகியங்கனைக்குப் போய், அங்கிருந்து வளைவுகளை ஏறுங்கள். ஏறும்போது வண்டியின் வேகத்தை மலையே குறைத்துத் தரும். வளைவுக்குள் தளர்ந்த கல் கிடந்தாலும் அக்சிலேட்டரைக் குறைத்தால் போதும், பிரேக்கைத் தேட வேண்டியதில்லை. நிற்க நேர்ந்தால் ஏ5 வீதியின் அதே கிளச் வேலைதான், ஆனால் முன்னே லொறி வரிசை இராது.

இதற்கு விலை உண்டு. வழி நீளும், முதல் இரவைப் பொலன்னறுவையில் கழிக்க வேண்டிவரும். ஹபரணைப் பக்கம் மாலையில் யானை வீதிக்கு வரும், வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். மகாவலிச் சமவெளியும் குளங்களும் விரிகிற அந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேல் வளைவுகளில் ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தேன். சமதரையில் பிறந்தவனுக்கு, தன் தரையைப் போன்ற ஒரு தரையை அவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பது வேறொரு அனுபவம். அதற்காக இன்னொரு முறையும் போவேன்.

மாதத்தையும் கவனியுங்கள். ஏ26இன் கிழக்குச் சரிவு வடகீழ்ப் பருவமழையை வாங்குவது, மாசி முற்பகுதி வரை ஈரம் விடாது. ஏ5இன் மேற்கு முகத்துக்கு மழை தென்மேற்குப் பருவத்தில், ஆகவே தைக் கடைசியிலிருந்தே அது உலர்ந்திருக்கும். மாசியில் போவதென்றால் றம்பொடை, பங்குனியில் போவதென்றால் பதினெட்டு வளைவு. பங்குனி பிற்பகுதியில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும், வளைவுகளை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் கூட்டம் நிரம்பி வழியும் என்பதால் அப்போது ஏ5 பக்கமே போகவேண்டாம்.

றிவர்ஸ்டனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் வன்னிக்கு அருகானது அதுதான், கண்டி நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. போகிற வழியில் மாத்தளை முத்துமாரியம்மனையும் வணங்கலாம். மாசி மகத் தேர் நாளில் மட்டும் மாத்தளை நகரைக் கடக்க நேரம் எடுக்கும். காற்றும் மூடுபனியும் பிட்டவலப் பத்தனைப் புல்வெளியும் மனதை விட்டுப் போகா. ஆனால் வீதி ஒடுங்கியது. இப்படிப்பட்ட ஒடுங்கிய வீதிகளில் தாரைத் தெளித்துச் சல்லியைக் கொட்டி உருளையால் அழுத்திவிட்டு விடுவதுண்டு. முதல் சில நாட்களுக்குச் சல்லி ஒட்டாமல் உருண்டுகொண்டிருக்கும், எதிரே வான் வந்தால் நாங்கள் ஒதுங்கும் ஓரத்தில்தான் அது குவிந்திருக்கும். வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பருவத்துக்கு றிவர்ஸ்டனை விட்டுவிடுங்கள். தனியே, பெரிய டயர் வண்டியில் போகிறவர் வேண்டுமானால் துணியலாம்.

எதில் போனாலும், முதல் நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானம். செம்மஞ்சள் என்றால் நான் புறப்படமாட்டேன். சிவப்பு வந்தால் அங்கே இருக்கிறவர்களே வெளியேற வேண்டிய நிலை.

இந்தப் பங்குனியில் மகியங்கனைப் பக்கமிருந்து ஏறுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். என் வண்டிக்கு முன் பிரேக் கட்டையும் கிளச் தட்டும் புதிதாகப் போட்டாயிற்று. மாலை வேளைகளில் இரணைமடுக் கட்டின் இறக்கத்தில், இரண்டாம் கியரில், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். மனைவி பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்.