20 இஞ்சி ரிம்முக்கு எத்தனை காத்து? ரெண்டு வருஷம் ஓடின பிறகு சொல்றன்

வெள்ளவத்தையில இருக்கிற மச்சான் நேத்து கோல் எடுத்து, டபுள் கெப்புக்கு 20 இஞ்சி ரிம் போடப்போறன், எத்தனை காத்து அடிக்கிற எண்டு கேட்டான். இந்த ஒரு நம்பருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதால முழுசா எழுதுறன்.

கம்பனியால வந்த டயர் 265/65 ஆர் 17, அதாவது அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதுல 65 வீதம், ரிம் 17 இஞ்சி. கதவைத் திறந்தா தூண்ல இருக்கிற ஸ்டிக்கர்ல 29 பிஎஸ்ஐ, நாங்க 29 காத்து எண்டு சொல்ற அழுத்தம். நான் மாத்தினது 265/50 ஆர் 20. மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா சைட்வோல், அதான் அந்தப் பக்கச்சுவர், 172 மில்லிமீட்டர்ல இருந்து 132க்கு இறங்கிட்டு. குழியில விழேக்க அடியை வாங்கினது அந்த 4 சென்டிமீட்டர்தான் எண்டு பிறகுதான் விளங்கிச்சு.

போட்ட கடையில 45 அடிச்சு விட்டாங்க. ஏன் எண்டு கேட்டா டயர்லயே 50 எண்டு போட்டிருக்கு, அதுக்குக் குறைவாத்தானே அடிச்சிருக்கு எண்டாங்க. ஐயோ, அது அந்த டயருக்கு உச்சமா அடிக்கக்கூடிய அளவு, கம்பனி டயரோட உங்கட வாகனத்துக்கு வேண்டிய அளவு கதவுத் தூண்லதான் இருக்கு! பின்னால சாமான் ஏத்தாம 45ல ஓடினா ஒவ்வொரு பம்ப்லயும் பின்பக்கம் துள்ளும், மழை பெஞ்ச காலி வீதியில பிரேக் பிடிக்கவே பயம். மூணு மாசத்துல டயர் நடுவால தேய ஆரம்பிச்சிட்டு.

கோவத்துல ஸ்டிக்கர்ல இருக்கிற 29க்கே இறக்கினன். ஓட சுகமாத்தான் இருந்திச்சு, ஆனா தண்ணி நிண்ட ஒரு குழியில டங் எண்டு சத்தம், இறங்கிப் பாத்தா ரிம்மோட உள்விளிம்பு பெருவிரல் அளவுக்கு மடிஞ்சு போய்க் கிடக்கு, காத்து உஸ்ஸெண்டு போகுது.

அதுக்குப் பிறகுதான் இருந்து கணக்குப் பாத்தன். பழைய டயர்ட லோட் இன்டெக்ஸ், ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு சொல்ற நம்பர், 112, அதாவது 36 காத்துல 1120 கிலோ தாங்கும். புதுசு 111 எக்ஸ்எல் (கூடப் பாரம் தாங்கச் செய்த வகை), 1090 கிலோ, அதுக்கே 42 காத்து வேணும். அப்ப பழசு 29ல தூக்கின பாரத்தைப் புதுசு தூக்கணுமெண்டா கிட்டத்தட்ட 35 வேணும். இதே சைஸ்ல எக்ஸ்எல் இல்லாத 107உம் வருது, மலிவா கிடைச்சாலும் எடுக்காதீங்க, அது உச்சமா 975 கிலோதான், எவ்வளவு காத்து அடிச்சும் அதைக் கூட்ட ஏலாது.

35 அடிச்சிட்டு டயருக்குக் குறுக்கால வெண்கட்டியால தடிப்பா ஒரு கோடு கீறி ஒழுங்கைக்குள்ள நேரா கொஞ்சத்தூரம் உருட்டிப் பாத்தன், கோடு ஓரத்துலயும் நடுவிலயும் ஒரே மாதிரி அழிஞ்சிச்சு. சந்தோஷத்துல வீட்டாக்களையும் கூப்பிட்டுக் காட்டினன்.

அளக்கிறது காலையில, வண்டி எடுக்க முந்தி. ஓடிச் சூடானா 4, 5 கூடக் காட்டும், அதை இறக்காதீங்க. வெயில் பட்ட பக்கம் மட்டும் 2 கூட இருக்கும், அதுவும் பிழை இல்ல. ஒரு பெட்ரோல் ஷெட்ல 35 எண்டு காட்டினது என்ட கேஜ்ல 31, அந்த 4தான் இன்னொரு ரிம்மையும் மடிச்சிச்சு எண்டு நினைக்க இப்பவும் எரியுது. சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வச்சுக்கொள்ளுங்க.

35ல கட்டுநாயக்க ஹைவேயில 100ல போகேக்க ஸ்டியரிங் கைக்குள்ள நிக்கும், வளைவுல சரியாது, பழைய 17ல இந்த உணர்வு ஒருநாளும் வரேல்ல. பாக்கவும் அவ்வளவு வடிவு.

ஆனா மச்சான், போடாத. மூண்டாவது ரிம்மை போன கிழமைதான் நிமித்தி எடுத்தன், கொழும்பு ரோட்டுக்கு அந்த 4 சென்டிமீட்டர் வேணும். பழைய 17ஐ விக்காம கராஜ்ல வச்சிருக்கன், சனிக்கிழமை மாத்துறன்.