குன்னூரிலிருந்து மார்கழிக் கச்சேரிகளுக்கு: ஒரு குழுப் பயணச் சேவையைப் பற்றி

சென்னை சபாக்களில் மார்கழிக் கச்சேரி கேட்க விரும்புவோரைக் குன்னூரிலிருந்து குழுவாக அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர் ஒருவரின் சேவையைச் சென்ற ஆண்டு நானும் என் அக்காவும் பயன்படுத்தினோம். மேட்டுப்பாளையம் வரை வேன், அங்கிருந்து இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸ், மயிலாப்பூரில் தங்குமிடம், சபாக்களுக்குப் போய்வர வாகனம், மாலைக் கச்சேரிகளுக்கான டிக்கெட் ஆகிய அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கும். வயதானவர்களுக்கும் தனியாகப் பயணம் செய்யத் தயங்கும் பெண்களுக்கும் இது பெரிதும் உதவும் சேவை. ஆயினும், இசைவிழாவின் மிகச் சிறந்த பகுதி எது என்பதை நிகழ்ச்சி நிரலை வகுத்தவர்கள் சரியாக உணரவில்லை என்பதே என் கருத்து.

பயணத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கெல்லாம் கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். மலைப்பாதையில் மழை பெய்தால் மண் சரியக்கூடும் என்பதால் வேனையும் போதிய நேரம் இருக்கும்போதே கிளப்பினார்கள்.

தங்குமிடத்தை மயிலாப்பூரில் அமைத்ததற்காக அவர்களைத் தனியே பாராட்ட வேண்டும். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் மார்கழி விடியலில் பஜனைக் குழுவினர் பாடிக்கொண்டு வலம் வருவதைக் கேட்க நடந்தே போய்விடலாம். பாபநாசம் சிவன் முன்னின்று பாடிச் சென்ற வீதிகள் அவை. ஈரத்தரையில் அப்போதுதான் இட்டு முடித்த கோலத்தை மிதிக்காமல் எல்லோரும் ஒதுங்கி நடக்க, தம்புராவும் ஜால்ராவும் ஒலிக்க அந்தக் குழு வளைவில் திரும்பி வந்த காட்சியை எந்த அரங்கிலும் காண முடியாது. இது பயணத் திட்டத்தில் குறிப்பிடப்படவே இல்லை. எங்களுடன் வந்த வழிகாட்டி அம்மா தாமாகவே எழுப்பி அழைத்துச் சென்றார்.

என் முதன்மையான குறை நிகழ்ச்சித் தேர்வைப் பற்றியது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் முன்பே, 1900இல் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தின் பயனாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. இப்படி வெவ்வேறு நோக்கங்களோடு வளர்ந்த சபாக்கள் பலவும் ஒரே பருவத்தில், காலை முதல் இரவு வரை நிகழ்ச்சிகள் நடத்துகின்றன என்பதே இந்த விழாவின் தனிச்சிறப்பு. ஏற்பாட்டாளரோ பெயர்பெற்ற வித்வான்களின் மாலைக் கச்சேரிகளுக்கு மட்டுமே எங்களை அழைத்துச் சென்றார். பகல் முழுவதையும் புடவைக் கடைகளுக்கும் கடற்கரைக்கும் ஒதுக்கிவிட்டார். மாலையில் கிடைத்ததும் கடைசி வரிசை இருக்கைகள். போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சி, தாளக் கலைஞர்கள் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன்பே எழுந்து வரச் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாடகருக்குத் துணையாக அவ்வளவு நேரம் வாசித்த மிருதங்கக் கலைஞருக்கு உரிய நேரம் அதுதான். அப்போது எழுந்து போவது அவரை அவமதிப்பதாகும்.

ஒரு நாள் கடைவீதிக்குப் போகாமல் நானும் அக்காவும் ஒரு சிறிய சபாவின் பிற்பகல் கச்சேரிக்குச் சென்றோம். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. வளர்ந்து வரும் இளைஞர்கள் பாடுவார்கள். முன் வரிசையிலேயே இடம் கிடைத்தது. மிருதங்கம் வாசித்த இளைஞர் இடந்தலையில் ரவைப் பசையை அளவாக அப்பி, விரலால் தட்டிப் பார்த்துச் சிறிது வழித்தெடுத்தார். பிறகு வலந்தலையின் விளிம்பைக் கல்லால் மெல்லத் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவந்தார். பாடிய பெண் தோடி ராகத்தை அவசரமின்றி விரித்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் தொடையில் தாளம் போட்டபடி கண்மூடிக் கேட்டார். கட்டணம் செலுத்திக் கேட்ட மாலைக் கச்சேரிகள் எதுவும் எங்களுக்கு இந்த நிறைவைத் தரவில்லை. காலையில் நடைபெறும் லெக்டெம்களையும் (பாடிக் காட்டி விளக்கும் இசை உரைகள்) திட்டத்தில் சேர்த்திருந்தால், இசையை முறையாகப் பயிலாத எங்களைப் போன்றவர்கள் இன்னும் தெளிவோடு கேட்டிருப்போம்.

சபா கேன்டீன் உணவுக்கு நாமே பணம் தர வேண்டும். இலைச் சாப்பாடும் காசி அல்வாவும் அருமை, வரிசைதான் நீளம்.

பயணத் தேதியையும் அவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். எங்கள் பயணம் நீலகிரியின் படுகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் திருவிழாவோடு மோதியதால், உடன் வர விரும்பிய படுகர் தோழிகள் எவராலும் வர இயலவில்லை. மாவட்டத்திற்கே உள்ளூர் விடுமுறை விடப்படும் திருவிழா அது. வெண்ணிற உடையணிந்து ஹெத்தையம்மன் கோயில் உள்ள பேரகணிக்குச் செல்வதை விட்டுவிட்டு அவர்கள் சென்னைக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் ஊர்களில் அவர்கள் தெய்வமான கம்பட்டராயரின் திருவிழாவும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான் வருகிறது. நீலகிரி மக்களுக்கான சேவை என்று சொல்பவர்கள் நீலகிரியின் திருவிழா நாள்களைப் பார்த்தே தேதி குறிக்க வேண்டும்.

பதிவு செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டும் முன்பு, எந்த வரிசையில் இருக்கை என்பதையும், கச்சேரி முடியும்வரை வாகனம் காத்திருக்குமா என்பதையும், பகல் கச்சேரிகளுக்கு நேரம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்கு எதற்கு என்று சால்வையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். ஏசி அரங்குகளில் அது கட்டாயம் தேவைப்படும்.