74எச்சி595: மூன்று கம்பி என்பார்கள், நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்

மைக்ரோகன்ட்ரோலரில் பின் போதாமல் போனால் பெரும்பாலோர் முதலில் தேடுவது 74எச்சி595 சிப்பைத்தான். எட்டு பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அதாவது ஒரே கம்பியில் ஒவ்வொன்றாக வரும் பிட்டுகளை வரிசையாக நகர்த்தி வைத்துக்கொள்ளும் சிப். டேட்டா, கிளாக், லாட்ச் என்று மூன்று கம்பி கொடுத்தால் எட்டு அவுட்புட் கிடைக்கும். இன்னும் வேண்டுமென்றால் நிரம்பி வழியும் பிட் வெளியே வரும் 9-ஆம் பின்னை அடுத்த சிப்பின் டேட்டா பின்னான 14-ஆம் பின்னோடு இணைத்து, கிளாக்கையும் லாட்சையும் பொதுவாக ஓட்டினால் போதும். கன்ட்ரோலர் பக்கம் அதே மூன்று கம்பிதான். இதைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை வயரிங் கோளாறு. ஆனால் நிஜமான குறைகளும் உண்டு.

முதலில் நல்லது. 11-ஆம் பின்னில் கிளாக் மேலேறும் ஒவ்வொரு முறையும் 14-ஆம் பின்னில் நிற்கும் பிட் உள்ளே நுழையும். ஏற்கெனவே இருந்தவை ஓரிடம் தள்ளிப்போகும். அதுவரை அவுட்புட்டில் எதுவும் அசையாது. லாட்ச் பின்னான 12-ஆம் பின் மேலேறும்போதுதான் எட்டு பிட்டும் ஒரே சமயத்தில் வெளியே வரும். இந்த லாட்ச் இல்லாத 74எச்சி164-இல் பிட்டுகள் நகர்வதெல்லாம் அவுட்புட்டில் தெரியும். அணைந்திருக்க வேண்டிய எல்.இ.டி.கள் மங்கலாக மினுங்கும். முதலில் அனுப்பிய பிட் கடைசி அவுட்புட்டான 7-ஆம் பின்னில் போய் நிற்கும். சிப்களைக் கோத்திருந்தால் முதலில் அனுப்பிய பைட் கடைசி சிப்புக்குப் போகும். வரிசை தலைகீழாகத் தெரிந்தால் சிப்பைக் கழற்ற வேண்டாம், புரோகிராமில் வரிசையை மாற்றினால் சரி.

இனி கரண்ட். டேட்டாஷீட்டில் ஒரு அவுட்புட்டுக்கு 35 மில்லியாம்ப் என்று பார்த்துவிட்டு எட்டிலும் 20 வீதம் இழுப்பவர்கள் அநேகம். அந்த 35 தாண்டவே கூடாத எல்லை, தினமும் ஓட்டுவதற்கான அளவல்ல. அதைவிட முக்கியம், சப்ளை பின்னிலோ கிரவுண்ட் பின்னிலோ மொத்தம் 70 மில்லியாம்புக்கு மேல் போகக்கூடாது என்ற வரி. 5 வோல்டில் 2 வோல்ட் சிவப்பு எல்.இ.டி.க்கு 220 ஓம் போட்டால் ஒன்றுக்குச் சுமார் 13.6 மில்லியாம்ப், எட்டும் எரிந்தால் 109. 330 ஓம் போட்டாலும் 73. 470 ஓம் போட்டால் ஒன்றுக்கு 6.4, மொத்தம் 51; நிம்மதியாக ஓடும். இன்றைய எல்.இ.டி.களுக்கு அந்த வெளிச்சம் தாராளம். ரிலே, மோட்டார் எல்லாம் நேரடியாகக் கூடவே கூடாது. நடுவில் டிரான்சிஸ்டரோ, எட்டு டிரான்சிஸ்டர் ஜோடிகள் அடங்கிய யூஎல்என்2803 சிப்போ வேண்டும்.

என் கணக்கில் இதன் பெரிய குறை பவர் கொடுத்த நொடிதான். லாட்சில் என்ன இருக்கும் என்று சொல்லவே முடியாது. 10-ஆம் பின்னை ரீசெட் என்று நம்புவார்கள். அது ஷிஃப்ட் ரெஜிஸ்டரை மட்டுமே துடைக்கும், லாட்சைத் தொடாது. ரிலே போர்டில் கன்ட்ரோலர் எழுவதற்குள் ஏதோ ஒரு ரிலே ‘டக்’கென்று விழுவது இதனால்தான். தீர்வு 13-ஆம் பின்னில் இருக்கிறது: அது மேலே இருந்தால் எல்லா அவுட்புட்டும் துண்டிக்கப்படும், கீழே இறங்கினால்தான் வேலை செய்யும். அதை 10 கிலோ ஓம் வழியாகச் சப்ளைக்கு இழுத்து, கன்ட்ரோலரின் ஒரு பின்னோடும் இணையுங்கள். புரோகிராம் தொடங்கியதும் பூஜ்யங்களை அனுப்பி, லாட்ச் செய்து, பிறகு அந்தப் பின்னைக் கீழே இறக்குங்கள். அணைந்திருக்கும் நேரத்தில் டிரான்சிஸ்டர் தானாகத் திறக்காமலிருக்க ஒவ்வொரு அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும். நான்காவது கம்பி இதுதான். இதே பின்னில் பி.டபிள்யூ.எம். (வேகமாக மேலும் கீழும் மாறும் சிக்னல்) கொடுத்தால் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கலாம். கீழே இறங்கியிருக்கும் நேரம்தான் எரியும் நேரம் என்பதால் கணக்கு தலைகீழ்.

3.3 வோல்ட் போர்டுகளோடு இன்னொரு சங்கடம். 5 வோல்டில் ஓடும் எச்சி வகைக்கு ‘ஒன்று’ என்று புரிய சுமார் 3.5 வோல்ட் தேவை. 3.3 கொடுத்தாலும் மேஜையில் வேலை செய்துவிடும்; அதுதான் ஆபத்து, வேறு இடத்தில் வைத்ததும் தடுமாறும். 2 வோல்டையே ‘ஒன்று’ என ஏற்கும் 74எச்சிடி595 வாங்குங்கள், இல்லையேல் சிப்பையும் 3.3 வோல்டில் ஓட்டுங்கள். எச்சி வகையின் சப்ளை வரம்பு 2 முதல் 6 வோல்ட் வரை.

வயரிங்கில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை: 10-ஆம் பின்னைச் சப்ளையோடு கட்டுங்கள். 13-ஆம் பின்னை அந்தரத்தில் விட்டால் கையைக் கிட்டே கொண்டுபோனாலே விளக்குகள் ஆடும். 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் சப்ளை பின்னான 16-க்கும் கிரவுண்ட் பின்னான 8-க்கும் நடுவில், சிப்பை ஒட்டி இருக்க வேண்டும். சில பாடங்களில் அதை லாட்ச் பின்னில் போடச் சொல்வார்கள். அது சிக்னலின் விளிம்பை மழுங்கடிக்கும், செய்யாதீர்கள். கிளாக் கம்பி நீளமென்றால் கன்ட்ரோலர் முனையில் 47 அல்லது 100 ஓம் தொடராகப் போடுங்கள். இல்லாவிட்டால் சிக்னலின் விளிம்பில் வரும் மின் அதிர்வில் ஒரு கிளாக்கை இரண்டாக எண்ணி பிட் ஓரிடம் நகர்ந்துவிடும். ஒரு வேடிக்கையும் உண்டு: 16-ஆம் பின் கழன்றிருந்தாலும் சிப் அரைகுறையாக வேலை செய்யும். டேட்டா கம்பியிலிருந்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகப் பவர் எடுத்துக்கொள்கிறது. மல்டிமீட்டரை 16-க்கும் 8-க்கும் வைத்தால் 5-க்குப் பதில் 4 சொச்சம் காட்டும்.

எல்.இ.டி., செவன் செக்மென்ட், டிரான்சிஸ்டர் பேஸ் ஆகியவற்றுக்குத் தயங்காமல் இதையே வாங்கலாம். 12 வோல்ட் சுமைகளுக்கு டிபிஐசி6பி595 பொருத்தம்: அவுட்புட்டுக்கு 150 மில்லியாம்ப், 50 வோல்ட் வரை. ஆனால் அது கிரவுண்டுக்கு மட்டுமே இழுக்கும், 20 பின் கொண்டது, பின் வரிசையும் வேறு. பழைய சாக்கெட்டில் செருக முடியாது, 3.3 வோல்ட் சிக்னலையும் ஏற்காது. பட்டன்களைப் படிக்க இரண்டுமே உதவாது, அதற்கு இன்புட்டுகளைப் படிக்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரான 74எச்சி165.