டிக்கெட் டு ஒர்க்: ஆலோசகர் தங்கம், ஏஜென்சி சுமார்

முதுகுத்தண்டில் அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்எஸ்டிஐ உதவித்தொகையில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. "வேலைக்குப் போனால் பணத்தை நிறுத்திவிடுவான்" என்று எங்கள் ஊரான எடிசனில் தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள்.

இப்படி உதவித்தொகை வாங்குபவர்கள் வேலைக்குத் திரும்ப உதவும் அரசுத் திட்டம்தான் டிக்கெட் டு ஒர்க். அதில் இலவச ஆலோசகர் கிடைப்பார். எனக்கு வாய்த்த அம்மா முதலில் என் கோப்பின் சுருக்கத்தை வரவழைத்தார், அப்புறம்தான் பேச்சையே தொடங்கினார். அவர் விளக்கியது இது: 60 மாத இடைவெளிக்குள், வேலை செய்து பார்க்க 9 சோதனை மாதங்கள். அவற்றில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுத்தொகை வரும். 2025-ல் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் 1,160 டாலரைத் தாண்டினால் அது ஒரு சோதனை மாதமாகக் கணக்கானது. பிறகு வரும் 36 மாதங்களில் மாத வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, தாண்டினால் பணம் நிற்கும்; 2025-ல் அது 1,620 டாலராக இருந்தது. அதற்குள் ஒருமுறை பணம் நின்றாலும், வருமானம் குறைந்த மாதத்தில் புது விண்ணப்பம் இல்லாமலே திரும்ப வரும். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் பல வருடம் தொடரும். ஆபீஸ் போகும் வீல்சேர் வேன் வாடகையைக்கூட அந்த 36 மாதக் கட்டத்தில் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாமாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலை தேடித்தரும் ஏஜென்சிதான் சொதப்பல். என் நிலைமை தெரிந்தும் படியேறும் கிடங்கு வேலைக்கு அனுப்பப் பார்த்தார்கள். பிடிக்காவிட்டால் வேறு ஏஜென்சிக்கு மாறலாம், மாறிவிட்டேன். இப்போது கணக்கு எழுதும் பகுதிநேர வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே.

சம்பள விவரத்தை உதவித்தொகை தரும் அரசு அலுவலகத்துக்கு மாதாமாதம் தெரிவித்துவிடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐ என்ற வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு விதிகள் வேறு, தனியாகக் கேளுங்கள்.