கார்டு சரி, ப்ராசசர் என்ன? பி580, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்விடியா, அது வேண்டாம் என்றால் ஏஎம்டி. கேம் ஆடுகிறவர்களுக்கு இருபது வருடங்களாக இதுதான் உலகம். அதற்குள் வந்த இன்டெல்லைப் புதுமுகம் என்று சொல்வதே கொஞ்சம் வேடிக்கைதான். 1998-இலேயே ஐ740 என்று ஒரு கார்டைக் கொண்டுவந்து, மறு வருடமே கடையைக் கட்டிய கம்பெனி அது. 2022-இல் ஆர்க் என்ற வரிசைக் கார்டுகளோடு திரும்பி வந்தது; அதில் ஏ770, ஏ750 இரண்டும் அக்டோபரில் வந்தன. இரண்டாம் தலைமுறையின் முதல் கார்டான பி580, 2024 டிசம்பர் 13 அன்று விற்பனைக்கு வந்தது.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. பி580-இல் 12 ஜிபி மெமரி, அதற்குப் போய்வரும் பாதையான பஸ் 192 பிட், அதில் நொடிக்கு 456 ஜிபி டேட்டா போகலாம். அறிவித்த விலை 249 டாலர். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-இல் 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. வந்தபோது விலை 299 டாலர். ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 7600-உம் அதே 8 ஜிபி, 128 பிட்தான், வந்தபோது விலை 269. பி580 பின்தங்குவது மின்சாரத்தில் மட்டும். அதற்கு 190 வாட் வேண்டும், 7600-க்கு 165, 4060-க்கு வெறும் 115. சின்ன கேபினட், பழைய பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு 4060-இன் அருமை அங்கேதான் தெரியும்.

வேகத்துக்கு வருவோம். 1440பி-யில், அதாவது திரையில் 2560 x 1440 புள்ளிகள் உள்ள ரெசல்யூஷனில், 4060-ஐ விடச் சராசரியாக 10 சதவீதம் வேகம் என்று இன்டெல் சொன்னது. கம்பெனிகள் சொல்லும் எண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது என் வழக்கம்; இந்த முறை அதற்கு வேலை இருக்கவில்லை. நல்ல ப்ராசசரோடு சேர்த்துச் சோதித்தவர்களுக்கும் ஏறக்குறைய அதுதான் கிடைத்தது. ரெசல்யூஷன் கூடக்கூட பி580-க்குக் கை ஓங்குகிறது. பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்களை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி கார்டுகளின் மெமரி நிரம்பிவிடும். சராசரி ஃப்ரேம் எண் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும். 12 ஜிபி-யில் அந்தத் தொல்லை குறைவு. ஒளி, நிழல்களை நிஜம் போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கை ஆன் செய்தால் 7600 களத்திலேயே இருக்காது.

அப்படியானால் பி580-ஐ வாங்கிவிடலாமா? சற்று இருங்கள்.

டிரைவர் என்பதும் ஒரு புரோகிராம்தான், அது ஓடுவது ப்ராசசரில். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் என்னென்ன வரைய வேண்டும் என்று கேம் சொல்வதை, கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இந்த வேலைக்கு ஆர்க் டிரைவர் மற்ற இருவரின் டிரைவரை விட அதிக ப்ராசசர் நேரத்தைத் தின்கிறது. பி580-ஐ முதலில் சோதித்தவர்கள் பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான ப்ராசசர்களை வைத்துச் சோதித்ததால் இது கண்ணில் படவில்லை. 2025 ஜனவரியில் ரைசன் 5 2600, 5600 போன்ற பழைய ஏஎம்டி ப்ராசசர்களோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சில கேம்களில் 4060-ஐ முந்திய கார்டு, ப்ராசசரை மாற்றியதும் அதற்குப் பின்னால் போய்விட்டது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: திரை ஓரத்தில் எண்களைக் காட்டும் ஓவர்லேயை ஆன் செய்யுங்கள். கார்டின் பயன்பாடு 60, 70 சதவீதத்திலேயே நின்று, ரெசல்யூஷனைக் குறைத்தாலும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால், கார்டு சும்மா உட்கார்ந்து ப்ராசசருக்காகக் காத்திருக்கிறது.

எனக்கு இதில்தான் கடுப்பு. 249 டாலர் கார்டைத் தேடுகிறவர் யார்? ஐந்து வருடப் பழைய மெஷினில் கார்டை மட்டும் மாற்றி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைப்பவர். பி580 கொஞ்சமும் பொருந்தாத ஆளும் அவரேதான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் எட்ட வழி செய்யும் ரீசைசபிள் பார் வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். மற்ற இரண்டு கார்டுகளுக்கும் அது கூடுதல் சலுகை மாதிரி. ஆர்க்குக்கு அது இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும். மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் இரண்டு ஸ்விட்ச் போட்டால் முடிந்தது என்பார்கள். ஒரு பழைய மெஷினில் அதை நம்பி, பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸைக் காணவில்லை! டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்திருக்கிறது. புது முறையான ஜிபிடி-க்கு மாற்றி மறுபடி பூட் ஆகும்வரை ஒரு மாலை போயிற்று. 4060-ஆக இருந்தால் சொருகி, டிரைவர் போட்டு, ஆட ஆரம்பித்திருக்கலாம்.

டிரைவர் விஷயத்தில் இன்டெல் உழைக்கவில்லை என்று சொன்னால் பாவம். கேம்கள் கார்டோடு பேசும் பழைய முறையான டைரக்ட்எக்ஸ் 9-க்கு முதல் தலைமுறைக் கார்டுகளில் நேரடி ஆதரவே கிடையாது. அதைப் புதிய டைரக்ட்எக்ஸ் 12-க்கு மொழிபெயர்த்து ஓட்டினார்கள், பழைய கேம்கள் தள்ளாடின. பிறகு வந்த டிரைவர்களில் அந்த வழியையே மாற்றி, பல கேம்களைத் தூக்கி நிறுத்தினார்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலிங்கில் இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ் நன்றாகவே இருக்கிறது, ஆனால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும் கேம்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராது. வீடியோ எடிட் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: வீடியோவைச் சின்னதாகச் சுருக்கும் ஏவி1 என்கோடிங்கைத் தனி கார்டில் முதலில் கொண்டுவந்தது ஆர்க்தான்.

அப்புறம், கார்டு கையில் கிடைக்க வேண்டுமே. பி580 வந்த வேகத்தில் தீர்ந்தது. வாராவாரம் சரக்கு வரும் என்றார்கள். வந்தது, ஆனால் பல வாரங்களுக்கு 249 என்பது பெயரளவுக்குத்தான். இதற்கு என் ஊகம் இது: பி580-இன் சிப் 272 சதுர மில்லிமீட்டர், 4060-இன் சிப் சுமார் 159. இரண்டுமே தைவான் சிப் தயாரிப்பாளர் டிஎஸ்எம்சி-யின் 5 நானோமீட்டர் குடும்பத்தில் தயாராகின்றன. அவ்வளவு பெரிய சிப்பைக் குறைந்த விலைக்கு விற்றால் கையில் நிற்கும் லாபம் குறைவு. லாபம் குறைந்த சரக்கை யார் குவித்து வைப்பார்கள்?

300 டாலரைத் தொட்டுவிட்டால் பி580-க்காக வாதாட என்னால் முடியாது. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 அதே 299-க்கு வந்தது, ஜூனில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி மாடல் 349-க்கு வந்தது. அறிவித்த விலைக்குக் கிடைத்து, புது ப்ராசசரும் இருந்தால் பி580. பழைய மெஷின் என்றால் 4060. 7600-ஐ நல்ல தள்ளுபடியில் கண்டால் மட்டும் தொடலாம்.